வருகைப் பதிவேட்டில் நின்றுபோன பெயர்கள்

18 வருடமாக அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பேன். வருடா வருடம் ஜூன் மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தின் பதவியேற்பு விழா அழைப்பிதழும் என் கடைக்குத்தான் வரும், ஏனென்றால் இந்த மாதிரிச் சங்கங்களுக்கு வருடம் பிறப்பது ஜூலை 1ல். எந்த அமைப்பின் கிளை, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. அதில் இருக்கும் எல்லோரும் தெரிந்தவர்கள், பலர் நல்லவர்கள், நானும் இன்னும் அதே சங்கத்தில்தான் இருக்கிறேன்.

அந்த அழைப்பிதழுக்கு ஒரு அமைப்பு உண்டு. முன்னாள் தலைவர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில், பட்டங்களோடு. அதற்குக் கீழே அந்த வருட நிர்வாகிகள். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் உறுப்பினர்கள். கடைசிப் பக்கத்தில் அவர்களுடைய மனைவிமார், திருமதி என்று போட்டுப் பக்கத்தில் கணவர் பெயர். மில் முதலாளி, டாக்டர், ஆடிட்டர், நகைக்கடைக்காரர், ஒப்பந்ததாரர், மறுபடியும் டாக்டர். பத்து வருடம் இதே பட்டியலை ஒன்றிரண்டு பெயர் மாற்றி அடித்துக் கொடுத்தேன், ஒரு தடவைகூட எனக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பட்டியல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் புரூஃப் பார்க்க வந்த அன்றைய தலைவர், "மேலிடத்துல இருந்து பெண் உறுப்பினர்களைக் கூட்டச் சொல்லிக் கடிதம் வந்துகிட்டே இருக்கு, நீங்களே சேர்ந்துடுங்களேன் மேடம்" என்றார். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். என் கடைக்கு எதிரே இருக்கும் அரசுப் பள்ளிக்கு இந்தச் சங்கம்தான் கழிப்பறை கட்டிக்கொடுத்தது. அந்தக் கழிப்பறை வருவதற்கு முன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் என் கடைக்குள் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். அதனால் இந்தச் சங்கத்தின் மேல் எனக்கு நிஜமான மரியாதை இருந்தது.

முதல் கூட்டம் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. எட்டரைக்கு என்று போட்டிருந்தார்கள், தொடங்க ஒன்பது ஆனது. உள்ளே நுழைந்ததும் ஒருவர் மிகவும் அன்பாக, "லேடீஸ் எல்லாம் அந்தப் பக்கம் இருக்காங்க மேடம்" என்று சுவரோரம் இருந்த நாற்காலிகளைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவர்கள் உறுப்பினர்களின் மனைவிகள், என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், குழந்தைகளைப் பற்றி விசாரித்தார்கள். நானும் உறுப்பினர்தான், சந்தா கட்டியிருக்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டியவள் என்பது எனக்கே உறைக்க இரண்டு மாதம் ஆனது. மணி அடித்தார்கள், உறுதிமொழியை ஆங்கிலத்தில் சொன்னார்கள், போன கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். ஒன்பதே முக்கால் மணிக்குக் கூட்டம் முடிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் பக்கத்து அறையில் பாட்டில் திறப்பார்கள். நான் கிளம்பிவிடுவேன், வீட்டில் மாமியார் தனியாக இருப்பார்.

அடுத்த வாரம் வந்தால் எல்லாம் முடிவாகியிருக்கும். எந்தப் பள்ளிக்கு பெஞ்ச் வாங்குவது, கண் முகாம் யார் பொறுப்பு, யாரை அடுத்த பொருளாளர் ஆக்குவது என்று எல்லாமே. யாரும் என்னிடம் மறைத்துச் செய்யவில்லை. பேச்சு பக்கத்து அறையில் நடந்தது, நான் அங்கே இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" எட்டு வருடம் போனாலும் மாறாது என்று பிறகுதான் புரிந்தது, ஏனென்றால் அதை மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்கும் இடமும் அதே அறைதான்.

நான் நின்றுபோகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் கண் முகாம். அது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் வேலை. மதுரையில் 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையை நன்றாக வளர்த்தெடுத்தது. இடம் பிடிப்பது, ஊர் ஊராகச் சொல்லி ஆட்களைத் திரட்டுவது, வந்தவர்களை வரிசையில் உட்கார வைப்பது, பேருந்து ஏற்றிவிடுவது, இதெல்லாம் உள்ளூரில் ஏற்பாடு செய்கிற சங்கத்தின் வேலை. எங்கள் ஊரில் இதைச் செய்தது யார் என்று பார்த்தால், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர். எந்தக் கிராமத்தில் எந்தப் பாட்டிக்குப் பார்வை மங்குகிறது என்று அவருக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர்களிடம், போன வருடம் செய்துகொண்டவரைக் கூட்டி வந்து பேச வைப்பார். மைக்கும் லைட்டும் போடுவது ஒரு எலக்ட்ரீஷியன், கூலி வாங்க மாட்டார். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பது ஒரு நர்ஸ், இரவு டியூட்டி முடித்துத் தூங்காமல் நேரே வருவார். மேடையில் எங்கள் உறுப்பினர்கள் 12 பேருக்குச் சால்வை போட்டோம். இந்த மூன்று பேரையும் சங்கத்தில் சேரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காவது வருடம் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளர் என்றால் வருகைப் பதிவேடு கைக்கு வரும். பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். முன்னாள் தலைவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு மாதம், எட்டு மாதம் கையெழுத்துப் போடுகிறார்கள், அப்புறம் கட்டம் காலியாகப் போகிறது, அடுத்த வருட நோட்டில் பெயரே இல்லை. ஒருவரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததாக ஃபைலில் இல்லை. ஒவ்வொரு வருடமும் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், விருதுகூட வாங்கியிருக்கிறோம். யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று ஒரு வரி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் இப்படிப்பட்ட சங்கங்களின் கதையைத் தேடிப் படித்தேன். ரோட்டரி 1905ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் இன்னும் மூன்று பேரும் தொடங்கியது. வாரம் ஒருவர் வேலை செய்யும் இடத்தில் கூடுவார்கள், சுழன்று சுழன்று கூடுவதால் அந்தப் பெயர். தொழிலுக்கு ஒருவர் என்பது அங்கே தொடக்கக் கால விதி. ஒரே மாதிரி ஆட்களாகச் சேர்ந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஆண்கள். இதில் எனக்குத் தெரியாமல் போயிருந்த விஷயம் ஒன்று: விதியில் இருக்கும் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று 1950லேயே இந்தியாவிலிருந்து ஒரு ரோட்டரி சங்கம் தீர்மானம் அனுப்பியிருக்கிறது. 1964ல் இலங்கையிலிருந்து, அன்றைய சிலோனிலிருந்து, ஒரு சங்கம் பெண்களைச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறது. பிரதிநிதிகள் வாக்களித்து அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வைத்திருக்கிறார்கள். இந்த மாற்றமெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஊரிலிருந்து நம் மேல் திணிப்பது என்று எங்கள் சங்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

கலிபோர்னியாவில் டுவார்ட்டி என்ற சிறிய ஊரின் சங்கம் 1977ல் பெண்களைச் சேர்த்தது. அடுத்த வருடம் மார்ச்சில் ரோட்டரி அந்தச் சங்கத்தையே நீக்கியது. வழக்கு நடந்து 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டுவார்ட்டி சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1989ல் ரோட்டரி தன் விதியையே திருத்திக்கொண்டது. தீர்ப்பில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. இது எங்களுக்குள் நெருக்கமான தனிப்பட்ட கூட்டம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்பது ரோட்டரியின் வாதம். அதற்கு நீதிமன்றம் எடுத்துச் சொன்ன விவரங்களில் ஒன்று, ஒரு சாதாரணச் சங்கத்தில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் பேர் ஊர் மாறியோ விலகியோ போகிறார்கள் என்பது. வருடத்துக்குப் பத்தில் ஒருவர் போகிற இடத்தைக் குடும்பம் மாதிரி என்று எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் சங்கத்தில் மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் "நாம் ஒரே குடும்பம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் மடியில் அந்த நோட்டு இருந்தது.

லயன்ஸ் சங்கத்தின் கதை இன்னும் மனதைத் தொட்டது. 1925ல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் சேவைதான் அவர்களுடைய அடையாளம். பெண்களைப் பொதுவாக உறுப்பினராகச் சேர்க்க அந்த அமைப்பு விதியைத் திருத்தியது 1987ல். ஒரு பெண், அதுவும் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒரு பெண், என்ன வேலை செய்ய வேண்டும் என்று வழிகாட்டிய பிறகு 62 ஆண்டுகள்! சேவை பெறுகிறவர்கள் வேறு, சேவை செய்கிறவர்கள் வேறு என்று ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். அந்தக் கோடு எங்கள் சங்கத்திலும் இருந்தது, மேடைக்கும் கீழே உட்கார்ந்திருக்கிற வரிசைக்கும் நடுவில்.

சரி, போனவர்களிடம் வருவோம். அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தேன். போனில் கேட்டால் "வேலை ஜாஸ்தி மேடம்" என்றுதான் சொல்வார்கள். உட்கார்ந்து டீ குடித்து அரை மணி நேரம் ஆன பிறகுதான் விஷயம் வரும். பள்ளி ஆசிரியை ஒருவர், ஆங்கிலத்தில் நன்றியுரை சொல்லச் சொன்ன அன்றைக்கு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாகச் சொன்னார், தமிழாசிரியை அவர். சந்தாவைக் கட்டிவிடலாம், ஆனால் பிறந்தநாளுக்கு ஆயிரம், பதவியேற்புக்கு நன்கொடை, குடும்பச் சுற்றுலா, ஒரே நிறச் சட்டை என்று மாதா மாதம் வருவதைத் தாங்க முடியவில்லை என்றார் வாடகை வேன் ஓட்டுகிறவர். செருப்புக் கடை வைத்திருக்கும் ஒரு பாய், ரமலான் மாதம் முழுக்கத் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை நேரத்தில்தான் கூட்டம் வைத்தீர்கள், ஒருத்தராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐ.டி. வேலையில் இருக்கும் பையனை, சங்கத்தில் இருந்த வரைக்கும், போட்டோ எடுக்கவும் புரொஜெக்டர் மாட்டவும் மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறோம். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட கணக்கர் ஒருவர், இரண்டு மாடி ஏற முடியாமல் நின்றுவிட்டார். போலியோ சொட்டு மருந்து நாளில் பேனர் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போன சங்கம் எங்களுடையது.

இப்போது எலக்ட்ரீஷியன் விஷயத்துக்கு வருகிறேன், எழுதத் தயங்கிக்கொண்டிருந்தது இதைத்தான். நான் தலைவராக வரப்போகிற வருடத்துக்கு முந்தைய வருடம் நிர்வாகக் குழுவில் அவர் பெயரைச் சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. ஒருவர், "எலக்ட்ரிகல்ஸ்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே" என்றார், அவர் சொன்னது எலக்ட்ரிகல் சாமான் கடை முதலாளியை. இன்னொருவர், "சந்தா கட்ட முடியுமா பாவம்" என்றார். மூன்றாவதாக ஒருவர், குரலைத் தாழ்த்தி, "ஃபேமிலியெல்லாம் கலந்து பழகுற இடம், யோசிச்சுச் செய்யணும்" என்றார். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவர் ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து வருகிறார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரு உறுப்பினர் முன்மொழிந்தால்தான் புதியவர் உள்ளே வர முடியும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் யார் பெயரை முன்மொழிவோம்? கூடப் படித்தவர், மச்சான், பக்கத்துக் கடைக்காரர், நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தியில் உட்காருகிறவர். நம் ஊரில் அந்த வட்டத்தைப் போடுவது எது என்று எல்லோருக்கும் தெரியும். யாரையும் வேண்டாம் என்று சொல்லாமலேயே 40 வருடம் ஒரு சங்கத்தை இரண்டு மூன்று சாதிக்குள் வைத்திருக்க முடியும் என்பதை என் கடையில் இருந்த அழைப்பிதழ்களின் முன்னாள் தலைவர்கள் பட்டியலே காட்டியது. எனக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்ததில் என் சாதிக்கும் பங்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பெண் என்ற ஒரு படியை மட்டும்தான் நான் ஏற வேண்டியிருந்தது.

ஆறு மாதம் அந்தப் பெயரைத் தள்ளிப்போட்டார்கள். நான் தலைவரானதும் முதல் குழுக் கூட்டத்திலேயே, மறுக்கிறவர்கள் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும், அதைக் குறிப்பில் எழுதுவேன் என்றேன். யாரும் சொல்லவில்லை. பெயர் நிறைவேறியது. அன்று இரவே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வர்றேன்க்கா, ஆனா உறுப்பினரான பிறகும் நாற்காலி தூக்கவும் ஒயர் இழுக்கவும் மட்டும் கூப்பிட்டா நின்னுடுவேன்" என்றார். நான்கு வருடமாக அந்த வேலைகளுக்கு அவரைக் கூப்பிட்டது நான்தான். மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு செய்தவை எல்லாமே சின்னச் சின்ன மாற்றங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சண்டை போட வேண்டியிருந்தது. கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு, அரசுப் பள்ளியின் தரைத்தள வகுப்பறைக்கு மாற்றினோம். டீயும் வடையும், வேறு எதுவும் இல்லை. குடிக்க விரும்புகிறவர்கள் அவரவர் வசதிப்படி வேறு இடத்தில் வைத்துக்கொள்ளட்டும், சங்கத்தின் எந்த முடிவும் அங்கே எடுக்கக் கூடாது. உறுதிமொழியிலிருந்து கூட்டக் குறிப்பு வரை தமிழில். சந்தாவை மாதத் தவணையாகக் கட்டலாம், யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கூட்டத்தில் நன்கொடையை அறிவித்துக் கைதட்டும் பழக்கத்தை நிறுத்தினோம், இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மூன்றாவது மாதத்துக்குள் ஒரு வேலையின் முழுப் பொறுப்பு, செலவு செய்யும் அதிகாரத்தோடு. அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், அண்ணன் அக்கா என்று கூப்பிடலாம், பட்டம் வேண்டாம். இரண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவரை யாராவது வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும், ஏன் வரவில்லை என்று கேட்க மட்டும். திட்டக் கூடாது.

அழைப்பிதழையும் மாற்றினேன், அது என் கையில் இருந்த விஷயம். எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில், பெண்களுக்கு அவர்களுடைய சொந்தப் பெயரும் சொந்தத் தொழிலும். கடைசிப் பக்க மனைவிமார் பட்டியலில் இருந்த ஆறு பேர் அந்த வருடம் உறுப்பினர்களாகவே சேர்ந்தார்கள். அதில் ஒருவர் 20 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது அவர்தான் எங்கள் கணக்கைப் பார்க்கிறார். இத்தனை வருடம் அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

முன்னாள் தலைவர்கள் மூன்று பேர் விலகிப் போனார்கள். சங்கத்தின் தரம் போய்விட்டது என்றார்கள். அவர்களையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், ஒருவர் திரும்ப வந்தார். மற்ற இருவர் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அந்தப் பள்ளிக் கழிப்பறைக்கு முதல் பணம் போட்டது அவர்களில் ஒருவர். இரவு டியூட்டி நர்ஸ் இன்னும் சேரவில்லை. ஞாயிறு காலைதான் அவருக்குத் தூங்கக் கிடைக்கும் ஒரே நேரம் என்கிறார், அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. காலனியிலிருந்து வந்தவர் இப்போதும் ஒருவர்தான். ஒருவர் இருந்தால் அவர் விருந்தாளி மாதிரி இருக்க வேண்டியிருக்கிறது, மூன்று பேர், நான்கு பேர் என்று ஆகும்போதுதான் இயல்பாகப் பேச முடியும். இதை அவரே ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார். சொன்னதும் முன்பு போல அறை அமைதியானது, ஆனால் இந்தத் தடவை யாரோ ஒருவர், "அப்போ நீங்களே ரெண்டு பேர் சொல்லுங்கண்ணே" என்றார்.

அவர் சொன்ன பெயர்களில் ஒன்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர். போன வாரம் நானும் எலக்ட்ரீஷியனும் அவர் கடைக்குப் போனோம். சேர விருப்பம்தான், ஆனால் ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை கடையை யார் பார்ப்பது என்று கேட்டார். முதலில் யாரையாவது மாற்றிவிடலாமா என்று பேசினோம். அப்புறம் எலக்ட்ரீஷியன்தான், "மாசத்துல ஒரு கூட்டத்தை இங்கயே வெச்சுக்கிட்டா என்னக்கா" என்றார். எனக்கு 1905 சிகாகோ ஞாபகம் வந்தது, வேலை செய்யும் இடத்திலேயே கூடியவர்கள். கடையில் நான்கு பெஞ்சுதான் இருக்கிறது, நாங்கள் 31 பேர். பக்கத்து லாரி செட்டில் ஞாயிறு காலை இடம் காலியாகத்தான் கிடக்கும், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.